உச்ச வேகம் சரி, எத்தனை முறை நின்றது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பகுதிப் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய மின்சார வண்டியைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிக் காட்டிய செய்தியைப் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் போனது என்று தலைப்பிலேயே இருந்தது. மாதக் கணக்கில் வெல்டிங் புகை குடித்த பிள்ளைகளுக்கு அந்தப் பாராட்டு தகும். ஆனால் வண்டி வேலை தெரிந்தவர் கண் அந்த 80-இல் நிற்காது. எத்தனை மீட்டரில் அளந்தார்கள்? காற்று எந்தப் பக்கம் அடித்தது? அதுவரை வண்டி மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது? நடுவில் எத்தனை முறை நின்றது, எதனால் நின்றது? இவற்றுக்குச் செய்தியில் பதில் இல்லை. சாலையில் போய் ஏன் சோதித்தார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறோம்.

மோட்டார் வண்டி பிறந்த முதல் முப்பது ஆண்டுகளில் இதே கேள்விகளுக்குத்தான் விடை தேடினார்கள். 1894 ஜூலை 22-இல் பாரிசிலிருந்து ரூவானுக்கு 126 கிலோமீட்டர் ஓட்டம் வைத்தபோது, முந்தி வந்தவனுக்குப் பரிசு என்று யாரும் சொல்லவில்லை. ஆபத்தில்லாமல், எளிதாக ஓட்டும்படி, வழிச் செலவு குறைவாக இருக்கும் வண்டிக்கே பரிசு. முதலில் வந்து சேர்ந்தது தெ தியோன் என்பவரின் நீராவி வண்டி. அதற்கு நெருப்பு தள்ள இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் முதல் பரிசு அதற்கு இல்லை; பெஜோ வண்டிகளும் பனார் வண்டிகளும் பங்கிட்டுக்கொண்டன. அடுத்த ஆண்டு பாரிஸ் – போர்தோ – பாரிஸ், 1,178 கிலோமீட்டர். எமில் லெவாசோர் 48 மணி 48 நிமிடத்தில் ஓட்டி முடித்தார். சராசரி மணிக்கு 24 கிலோமீட்டர்தான், ஒரு நல்ல சைக்கிள்காரரின் வேகம். ஆனால் அந்தச் சராசரிக்குள் வழியில் நின்ற நேரமும் அடக்கம். அதே ஓட்டத்தில்தான் மிஷ்லென் சகோதரர்கள் காற்று அடைத்த டயரைக் காரில் மாட்டிக் கொண்டுவந்தார்கள். வழிநெடுகப் பஞ்சர். இருந்தாலும், கட்டி ரப்பர் டயருக்கு இனி வாழ்வு அதிகம் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

ஊர் விட்டு ஊர் திறந்த சாலையில் பந்தயம் ஓட்டுவதற்குப் பெரும்பாலும் முடிவு கட்டியது 1903 மே 24. பாரிஸ் – மத்ரீத் பந்தயம் அன்று புறப்பட்டது. புழுதியில் முன் வண்டி தெரியாது. சாலையோரம் ஊரே வேடிக்கை பார்த்து நின்றது. மார்செல் ரெனோ உள்ளிட்டுப் பலர் இறந்தார்கள். போர்தோவில் பந்தயத்தை நிறுத்தி, வண்டிகளைக் குதிரை பூட்டி ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் சாலை வேகத்தை மணிக்கு 20 மைலுக்கு, அதாவது 32 கிலோமீட்டருக்கு, கட்டிப் போட்டது. அந்த வேகத்தில் மட்டும் ஓட்டினால் எஞ்சினின் எல்லாக் குறையும் தெரியாது. வேபிரிட்ஜ் அருகே தம் சொந்த நிலத்தில் ஹியூ லாக் கிங் என்பவர் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தைக் கட்டியதற்கு இதுவே காரணம். 1907 ஜூன் 17-இல் திறந்தார்கள். கான்கிரீட் தளம், 30 மீட்டர் அகலம், ஒரு சுற்று ஏறத்தாழ 4.45 கிலோமீட்டர். வளைவுகளில் வெளி விளிம்பு ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது.

திறந்த பதினோராம் நாளே எஸ். எஃப். எட்ஜ் ஒரு நேப்பியர் காரில் 24 மணி நேரம் தனி ஆளாக ஓட்டினார். 1,581 மைல், அதாவது 2,544 கிலோமீட்டர். சராசரி மணிக்கு 106 கிலோமீட்டர். இரவில் பாதை தெரிய விளிம்பெங்கும் சிவப்பு விளக்குகளை வைத்தார்கள். கூடவே ஓடிய இன்னும் இரண்டு நேப்பியர்களும் 24 மணி நேரத்தை முடித்தன. ஒரு வண்டி முடித்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். மூன்றும் முடித்தால் அது வேலைப்பாடு.

1909-இல் அங்கே ஒரு சோதனை மேடும் கட்டினார்கள். 352 அடி நீளம், சராசரி ஏற்றம் 5-க்கு 1, உச்சியில் 4-க்கு 1. ஏறும்போது எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் பரீட்சை, இறங்கும்போது பிரேக்குக்குப் பரீட்சை. 1913 பிப்ரவரி 15-இல் பெர்சி லாம்பெர்ட் என்பவர் டால்பாட் காரில் ஒரு மணி நேரத்தில் 103 மைலுக்கு மேல் ஓட்டினார். ஒரே மணியில் 100 மைல் கடந்த முதல் மனிதர் அவர். அதே ஆண்டு அக்டோபர் 31-இல் அதே தளத்தில் டயர் வெடித்து இறந்தார். எஞ்சின் அந்த வேகத்துக்குத் தயாராகி விட்டிருந்தது, டயர் தயாராகவில்லை. வண்டியின் வேகம் அதன் மிக பலவீனமான உறுப்பின் வேகம்தான் என்பதைக் கம்பெனிகள் இப்படித்தான் படித்தன.

பரபரப்பு இல்லாததால் பலர் தாண்டிப் போகும் இரண்டு சோதனைகளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 1907-இல் ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் காரின் 15,000 மைல் ஓட்டம். கம்பெனி ஆள் எழுதிய கணக்கு அல்ல அது. மோட்டார் கிளப்பின் பார்வையாளர் வண்டியிலேயே உட்கார்ந்து குறித்தது. 629-ஆவது மைலில் பெட்ரோல் குழாயின் திருகு அதிர்வில் தானாக மூடிக்கொண்டு வண்டி நின்றது. அதற்குப் பிறகு 14,371 மைல் தானாக ஒருமுறையும் நிற்கவில்லை. முடிந்ததும் வண்டியை அக்கக்காகப் பிரித்து, தேய்ந்ததை அளந்து, புதிது போலாக்க ஆன உதிரிபாகச் செலவை எழுதினார்கள்: 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ். இதில் கவனிக்க வேண்டியது, 'தானாக நின்றது', 'நாமாக நிறுத்தியது' என்ற இரண்டையும் அவர்கள் தனித்தனியாக எழுதியதுதான். டயர் மாற்ற, சாப்பிட, ஆள் மாற்ற நிறுத்தியது ஒரு கணக்கு. வண்டி தன் குறையால் நின்றது வேறு கணக்கு. இன்று மாணவர் குறிப்பேடுகளில் இந்த இரண்டும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கின்றன. 'பத்து நிமிடம் இடைவேளை' என்று எழுதியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் கழன்ற வயரை டேப் சுற்றியிருப்பார்கள்.

இரண்டாவது, 1908-இல் காடிலாக் செய்து காட்டியது. இருப்பில் இருந்த ஒற்றை சிலிண்டர் கார்கள் மூன்றை எடுத்து, புரூக்லாண்ட்ஸில் சிறிது ஓட்டிவிட்டு, முழுவதும் பிரித்தார்கள். காருக்கு 721 பாகம், ஆக 2,163. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்து, அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதில் கடை இருப்பிலிருந்து வேறு பாகங்களைப் போட்டார்கள். மெக்கானிக்குகள் கையில் ஸ்பேனரும் திருப்புளியும் மட்டும். அரம் கூடாது, சுத்தியல் தட்டல் கூடாது. மூன்று கார்களும் பூட்டப்பட்டு, கிளம்பி, தளத்தில் 500 மைல் ஓடின. சிறந்த மோட்டார் சாதனைக்கு பிரிட்டனில் கொடுக்கும் டூவர் கோப்பை அந்த ஆண்டு அதற்குத்தான். மற்றவர்கள் எல்லாம் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவி ராவிப் பொருத்திக்கொண்டிருந்த காலம் அது. அப்படி ராவிப் பொருத்திய வண்டி ஓடும், ஆனால் நடுவழியில் ஒரு பாகம் போனால் மாற்று கிடைக்காது.

ஒரே ஒரு வண்டி கட்டும் கல்லூரிக் குழுவுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். ஒரே வண்டி என்பதால்தான் அதிகம் தேவை. சோதனை நாளில் இடப் பக்கத்துச் சஸ்பென்ஷன் கை (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைப்பது) வளைந்தால், வலப் பக்கத்துக்கு என்று வைத்திருக்கும் உதிரி அங்கே உட்கார வேண்டும். அதற்கு ஓட்டைகளைக் கையால் குறித்துத் துளைக்கக் கூடாது. 6 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு ஜிக், அதாவது பாகத்தை இடம் மாறாமல் பிடிக்கும் அச்சு, செய்து, எல்லாக் கைகளையும் அதில் வைத்தே வெல்டு செய்து துளைக்க வேண்டும். அரை நாள் வேலை, நாலு சோதனை நாட்களை மிச்சப்படுத்தும்.

அந்தக் காலத்து வண்டிகளில் எது எது போனது, ஏன் போனது என்பதைத் தெரிந்துகொண்டால் இன்றைய வண்டியிலும் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

முதலில் பொறி. தொடக்க கால டைம்லர் எஞ்சின்களில் பிளக் கிடையாது. பிளாட்டினக் குழாயை ஒரு சிறு விளக்குச் சுடரால் பழுக்கக் காய்ச்சி, அதன் சூட்டில் கலவையைப் பற்ற வைத்தார்கள். பட்டறைக்குள் அருமையாக ஓடும். சாலையில் எதிர்க்காற்று அடித்தால் சுடர் அணையும், எஞ்சின் நிற்கும். பட்டறையில் மட்டும் ஓட்டிப் பார்த்தவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. பிறகு மின்பொறி தரும் காயிலும் பாட்டரியும் மேக்னெட்டோவும் வந்தபின் குறை வேறு உருவத்தில் வந்தது: அதிர்வில் டெர்மினல் கழலும், மசகெண்ணெய் மிகுந்து பிளக்கில் கரி பிடிக்கும்.

அடுத்தது எண்ணெய். கிராங்க் கேஸின் அடியில் தேங்கிய எண்ணெயைக் கனெக்டிங் ராடு அள்ளித் தெளிக்கும் முறை நேர்ச் சாலைக்குப் போதும். வளைவில் வேகமாகப் போனால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். 15 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 25 கிலோமீட்டரில் சுற்றினாலே எண்ணெயின் மட்டம் 18 பாகை சாய்ந்து நிற்கும். சாம்பாரை அண்டாவில் ஆட்டோவில் கொண்டுபோனவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். ஒரு பக்கத்து பேரிங் உலர்ந்து, சுட்டு, அதன் உட்பூச்சான வெள்ளை உலோகம் உருகி ஓடும். புரூக்லாண்ட்ஸ் போன்ற தளத்தில் வளைவைத் தூக்கிக் கட்டியதால் வண்டி வளைவோடு சேர்ந்து சாய்ந்தது. சரியான வேகத்தில் எண்ணெய் ஏறக்குறைய நடுவிலேயே நின்றது. நம் சமதளத்தில் அந்த வசதி இல்லை. பெட்ரோல் எஞ்சின் வைத்த மாணவர் வண்டிகளில் எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று கேளுங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள்.

கிளட்ச், தோல் போர்த்திய கூம்பு. எண்ணெய் பட்டால் வழுக்கும். வறண்டால் வெடுக்கென்று பிடித்துச் செயினை அறுக்கும். வழுக்கினால் எண்ணெய் உறிஞ்சும் மண்பொடியைத் தூவினார்கள், வறண்டால் விளக்கெண்ணெய் தடவினார்கள். பிரேக் பின் சக்கரங்களில் மட்டும், கூடவே கியர் தண்டில் ஒன்று. பின் சக்கரம் மட்டும் பிடித்தால் மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி நிற்க 20 மீட்டர் ஆகும். நான்கிலும் நன்றாகப் பிடித்தால் 10, 11 மீட்டரில் நிற்க வேண்டும். ஆனால் அது முதல் பிடியில். பிரேக் சூடேறிய பிறகு, பத்தாவது பிடியில் என்ன ஆகிறது என்பதே கேள்வி.

மரச் சக்கரம் நமக்குப் புதிதல்ல. நம் மாட்டு வண்டி ஆசாரிகள் குடம், ஆரக்கால், வட்டை, இரும்புப் பட்டா என்று பிரித்துப் பேசுவதெல்லாம் அந்தக் கார்ச் சக்கரத்துக்கும் அப்படியே பொருந்தும். வெயிலில் மரம் வற்றினால் ஆரக்கால் குடத்தில் ஆடும். வண்டி நிற்கும்போது ஈரச் சாக்குப் போர்த்துவது மாட்டு வண்டிக்காரர் செய்த வைத்தியம். ஓடும் காருக்கு அது உதவாது. கம்பிச் சக்கரம் வந்துதான் தீர்ந்தது.

தளமும் சோதனைக்கு உட்பட்டதுதான். இந்தியானாவின் கார்க் கம்பெனிகள் சோதித்துக்கொள்ள என்று கார்ல் ஃபிஷர் முதலானோர் 1909-இல் இண்டியானாபொலிஸில் 2.5 மைல் தளம் போட்டார்கள். சல்லியும் தாரும் கலந்த மேல்பரப்பு. ஆகஸ்ட் பந்தயத்தில் அது பெயர்ந்து, ஓட்டுநர், மெக்கானிக், பார்வையாளர் என்று உயிர்ப்பலி நேர்ந்தது. அதே ஆண்டிலேயே 32 லட்சம் செங்கல் பரப்பினார்கள். இத்தாலியில் ஃபியட் இன்னொரு வழி கண்டது: டூரின் நகரில் லிங்கோட்டோ தொழிற்சாலையின் மொட்டை மாடியிலேயே ஓடுதளம். கீழ்த்தளத்தில் தொடங்கிய கார் மேலே ஏற ஏற முழுமையாகி, கூரையில் ஓடிப் பார்த்து இறங்கும். இடம் இல்லை என்று சொல்பவர்கள் நினைத்துப் பார்க்கலாம். நமக்குப் பக்கத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதை பல ஆண்டுகள் மோட்டார் பந்தயத்துக்கு இடம் கொடுத்ததும் நினைவிருக்கும்.

இனி நம் ஊர் வண்டிக்கு வருவோம். 400 மீட்டர் சுற்று ஒன்று போதும்: 120 மீட்டர் நேர்ப்பாதை இரண்டு, இரு முனையிலும் 25 மீட்டர் ஆரத்துக்குச் சற்று மிகுந்த அரைவட்டம். மணல்மூட்டையோ பழைய டயரோ அடுக்கி விளிம்பு கட்டலாம். வளைவில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம்.

ஓட்டுமுன் முதல் வேலை எடை. லாரி எடைமேடையில் ஏற்றினால் பத்து இருபது கிலோ வித்தியாசம் தெரியாது. பழைய பேப்பர் கடை, அரிசி மண்டியில் இருக்கும் மேடைத் தராசு நான்கு கடன் வாங்கி, ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து எழுதுங்கள். சமதளமாக இருக்க வேண்டும். ஒரு தராசு 5 மில்லிமீட்டர் உயர்ந்தாலும் கணக்கு பொய்யாகும். பிறகு ஒவ்வொரு நட்டின் மேலும் அது உட்கார்ந்த இடத்தின் மேலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயிண்ட் இழுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. ஸ்பேனர் போடாமல் கண்ணாலேயே பார்த்துவிடலாம். டயர்க் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன், டயர் சூடேறாதபோதே அளந்துவிடுங்கள்.

முதல் பத்துச் சுற்று மணிக்கு 20-இல். நிறுத்தியதும் நான்கு சக்கரக் குடத்தையும் பிரேக்கையும் சூடுமானியால் பாருங்கள். அது இல்லையென்றால் புறங்கையை அருகில் கொண்டுபோனால் போதும். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் 15 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் ஒன்றில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் இறுக்கம் அதிகம். வெல்டு மூட்டுகளுக்கு நம் பட்டறைகளின் பழைய முறையே போதும்: மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் சுண்ணாம்பில் ஈரக் கோடாக எழும். பெரும்பாலும் வெல்டிங் தொடங்கிய இடத்திலும் முடித்த இடத்திலும்தான் விரிசல் விடும். தையலின் நடுவில் அபூர்வம்.

வேகத்தை அளப்பதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 100 மீட்டர் தூரத்தை மணிக்கு 60-இல் கடக்க 6 விநாடி. கைக்கடிகாரத்தை அழுத்துவதில் 0.4 விநாடி முன்பின் ஆனால், அதே வண்டி 56 என்றும் காட்டும், 64 என்றும் காட்டும். 1 கிலோமீட்டருக்கு அளந்தால் அதே பிழை அரை கிலோமீட்டருக்குள் அடங்கும். அதனால் 400 மீட்டர் சுற்றில் உச்ச வேகத்தை அளக்கவே வேண்டாம். அது அதற்கான இடமில்லை. காற்றும் உண்டு. வெயில் ஏறினால் கடல் காற்று எழும் ஊர் இது. மணிக்கு 60-இல் போகும் வண்டிக்கு 15 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து அடித்தால் 45-இன் எதிர்ப்புதான். முன்னாலிருந்து அடித்தால் 75-இன் எதிர்ப்பு. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகப் பெருகுவதால் இரண்டுக்கும் இடையே 2.8 மடங்கு. இதற்காகத்தான் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்கும் விதி வந்தது. 1914 ஜூனில் புரூக்லாண்ட்ஸில் ஹார்ன்ஸ்டெட் என்பவர் பென்ஸ் காரில் இரு திசையிலும் ஓட்டிப் பெற்ற மணிக்கு 124.09 மைல் அந்த விதிப்படி அமைந்த முதல் சாதனை. ஒரு திசையில் மட்டும் ஓடிய எண்ணை அந்த விதி ஏற்பதில்லை.

சும்மா உருளவிட்டுப் பார்ப்பது இதைவிடப் பயனுள்ளது. மணிக்கு 45-க்குக் கொண்டுபோய், நியூட்ரலில் விட்டு, 40-இலிருந்து 30-க்கு இறங்க எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். ஓட்டுநரோடு 250 கிலோ உள்ள வண்டி 10 விநாடியில் இறங்கினால், அதை இழுத்துப் பிடிக்கும் விசை ஏறத்தாழ 70 நியூட்டன். மணிக்கு 35-இல் சீராக ஓடச் சக்கரத்தில் 675 வாட் போதும். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே காற்றில் 8 விநாடியாகக் குறைந்தால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். பிரேக், பேரிங், சக்கர நேர்மை, டயர்க் காற்று, இந்த வரிசையில் பாருங்கள். மின்மோட்டாரில் தானாகப் பிடிக்கும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். மறந்தால் எண் குப்பை.

மேடு நம் பக்கம் அரிது. கடலூர்க் கேப்பர் மலைப் பக்கம் ஏற்றம் உண்டு, ஆனால் அது போக்குவரத்துச் சாலை. மேட்டுக்குப் பதிலாக இழுவை வைக்கலாம். ஓட்டுநரோடு 320 கிலோ உள்ள வண்டி 10-க்கு 1 ஏற்றத்தில் ஏறக் கூடுதலாக 32 கிலோ இழுக்க வேண்டும். பின்னால் இன்னொரு வண்டியைக் கயிற்றில் கட்டி, நடுவில் வில்தராசு மாட்டி, பின் வண்டிக்காரர் மெல்லப் பிரேக் பிடித்து 32-இல் நிறுத்திக்கொண்டால் அது மேடுதான். ஐந்து நிமிடம் இழுத்தால், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரின் சூடும் செயின் ஒழுங்கும் தெரிந்துவிடும். கயிற்றின் அருகே ஆள் நிற்கக் கூடாது.

நம்பகத்துக்கு 500 கிலோமீட்டர் வையுங்கள். 400 மீட்டர் சுற்றில் 1,250 சுற்று. சராசரி 30-இல் 16 மணி 40 நிமிடம். ஞாயிறு காலை 5.30 முதல் நாலேகால் மணி நேரம் என்றால் நான்கு ஞாயிறு. ஓட்டுநருக்கு 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சுற்றிச் சுற்றி ஓட்டினால் கண் சொக்கும். பாதித் தூரத்தை இடமாகவும் பாதியை வலமாகவும் சுற்ற வேண்டும். இல்லையென்றால் வெளிப்பக்கத்து டயரும் பேரிங்கும் மட்டும் தேய்ந்து, வண்டியின் மறுபாதி சோதிக்கப்படாமலே தேறிவிடும். கணக்கு எழுதுபவர் வேறு கல்லூரிக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கட்டும். பாகம் மாற்றினால் அவர் கண்முன் மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கடற்கரை ஊர் என்பதால் ஒரு எச்சரிக்கை. இங்கே மின்வண்டி தானாக நிற்பதற்கு மோட்டாரைவிடக் கனெக்டரே அதிகக் காரணம். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூக்கும், மின்தடை ஏறும், சூடேறும், பிளாஸ்டிக் இளகும், தொடர்பு அறும். வயரை முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிட்டு, வயர் முனைக்கு லக் என்ற உலோக வளையத்தை அழுத்திப் போட்டு, போல்ட்டில் இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். வயர் கனெக்டருக்கு வந்து சேரும் முன் ஒரு கை அகலத்துக்குள் சட்டத்தோடு கட்டுங்கள். அதிர்வைக் கட்டு தாங்கட்டும், கனெக்டர் தாங்க வேண்டாம். சில்வர் கோஸ்டின் பெட்ரோல் திருகு மூடிக்கொண்டதும் இதே அதிர்வில்தான்.

சாலைக்கு வருவோம். பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 39-ஆம் பிரிவு தடுக்கிறது. மாநில அரசின் அனுமதியில்லாமல் பொது இடத்தில் வண்டிகளுக்கிடையே பந்தயம் வைப்பதும் வேகம் பார்ப்பதும் 189-ஆம் பிரிவின்படி குற்றம். மாணவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். அவர்களை அனுப்பிய ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் மீன் கூடையோடு டிவிஎஸ்-50-இல் வருபவர், ஓசையில்லாமல் வரும் மின்வண்டியை எதிர்பார்த்து வரமாட்டார். ஒரகடத்தில் அரசின் பெரிய வாகனச் சோதனை மையம் இருக்கிறது. ஆனால் வாராவாரம் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்வர நம் பிள்ளைகளால் ஆகாது.

கேட்பது பெரிதல்ல. சேதராப்பட்டிலோ கடலூர் சிப்காட்டிலோ ஞாயிறு காலை லாரி வராத உட்சாலை ஒன்றையோ, காலியாகக் கிடக்கும் தார்த் தளம் ஒன்றையோ, இரண்டு முனையும் அடைத்து, காலை 5 முதல் 10 வரை கொடுத்தால் போதும். தீயணைப்பான் நான்கு, மணல் வாளி, முதலுதவிக்குத் தெரிந்த ஒருவர், பாட்டரித் தொடர்பை வெளியிலிருந்தே துண்டிக்கும் சிவப்பு ஸ்விட்ச் ஒவ்வொரு வண்டியிலும். இவற்றைக் கல்லூரிகளே கொண்டுவரும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் எட்டு ஞாயிறு கிடைத்தால் இரண்டு வண்டிகளின் 500 கிலோமீட்டரை முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
பழைய கார் சீரமைக்கும் மெக்கானிக்குகள் சிலர்,
புதுச்சேரி.